டி செல்லில் இணைப்புப் புரதங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டர்பனில் நோய் எதிர்ப்பியல் ஆய்வுக்கு வரும் புதுப் பிள்ளைகள் வருஷா வருஷம் ஒரே பள்ளத்தில்தான் விழுகிறார்கள். குழாயில் பெயர் எழுத மறப்பது, அளவு பிசகுவது எல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

இணைப்புப் புரதத்தை நிறைய ஏற்றினால் சமிக்ஞையும் கூடும் என்று நம்புவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. இணைப்புப் புரதத்துக்கு நொதிச் செயல் கிடையாது. சேர வேண்டியவர்களைச் சேர்த்துவைப்பதே அதன் வேலை. நோய் எதிர்ப்புச் செல்லான டி செல்லின் ஏற்பி, தான் அடையாளம் காணும் பொருளான ஆன்டிஜெனைக் கண்டதும் முதலில் எல்சிகே, அடுத்து ஜாப்-70 என்ற நொதிகள் விழித்துக்கொள்கின்றன. செல் சவ்வில் இருக்கும் லாட் புரதத்தின் டைரோசின் என்ற அமினோ அமிலங்களில் ஜாப்-70 பாஸ்பேட்டை ஏற்றுகிறது. கேட்ஸ் என்ற இணைப்புப் புரதம் தன் எஸ்எச்2 பகுதியால் அந்த இடத்தைப் பற்றிக்கொள்ளும். எஸ்எச்3 பகுதியால் எஸ்எல்பி-76ஐப் பிடித்திருக்கும். இந்தக் கூட்டத்தில் பிஎல்சி காமா 1 என்ற நொதி நிலைகொண்டால்தான் செல்லுக்குள் சமிக்ஞையாகக் கால்சியம் உயரும்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து வந்த ஒரு மாணவி ஜூர்காட் செல்களில் (ஆய்வகத்தில் வளர்க்கும் டி செல் புற்றுச் செல்கள்) கேட்ஸை அளவுக்கு மீறி ஏற்றினாள். கால்சியம் கூடவில்லை, குறைந்தது. "அக்கா, இது தடுக்கிற புரதம்தான்" என்று முடிவே கட்டிவிட்டாள். அதை உறுதிப்படுத்தும் முயற்சியிலேயே வெளிநாட்டிலிருந்து வரவழைத்த ஆன்டிபாடி தீர்ந்தது. ராண்டில் கணக்குப் பார்த்தால் வயிறு எரியும்.

நடந்தது இதுதான். ஊரில் தரகர்கள் பெருகிவிட்டால் பெண் வீட்டார் ஒருவரிடமும் மாப்பிள்ளை வீட்டார் வேறொருவரிடமும் பேசுவார்கள், கல்யாணம் நடக்காது. கேட்ஸ் மிகுந்தால் ஒன்று வெறுங்கையோடு லாட்டில் உட்காரும், இன்னொன்று எஸ்எல்பி-76ஐப் பிடித்துக்கொண்டு சைட்டோபிளாசத்தில் அலையும். இரண்டையும் சேர்க்கும் கேட்ஸ் அருகிவிடும்.

ஆகவே ஒரே அளவில் ஏற்றிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். சிறிது சிறிதாகக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் செல்லின் இயல்பான அளவோடு ஒப்பிடுங்கள். சமிக்ஞை முதலில் ஏறிப் பிறகு இறங்கினால் காரணம் பெரும்பாலும் மிகைதான். அந்தப் புரதத்தை நீக்கிய செல்லில் இயல்பான அளவு திருப்பிக் கொடுத்துப் பார்ப்பது இன்னும் நம்பகமானது.

ஒரு டைரோசினை மாற்றினால் சமிக்ஞை மங்கும், அவ்வளவுதான் என்று எண்ணுவது

லாட்டில் பிஎல்சி காமா 1 சேரும் 136ஆம் இடத்து டைரோசினை மட்டும் மாற்றிய எலிகள் பற்றி 2002இல் ஆய்வுகள் வெளிவந்தன. கால்சியம் சமிக்ஞை கெட்டுப்போயிருந்தது. ஆனாலும் டி செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகின. லாட் முடுக்குவதோடு அடக்கவும் செய்கிறது.

பாஸ்படேஸ் தடுப்பான் இல்லாமல் செல்லை உடைப்பது

கூடாது. பாஸ்படேஸ் என்பது ஏற்றிய பாஸ்பேட்டைக் கழற்றிவிடும் நொதி.

ஜூர்காட்டை மட்டும் நம்புவது

அதில் சமிக்ஞையை அடக்கும் பிடென் புரதம் இல்லை. ரத்தத்திலிருந்து பிரித்த டி செல்லிலும் பாருங்கள்.

டிஎல்ஆர் என்றாலே மைடி88 என்பது

டிஎல்ஆர்கள் கிருமிகளை உணரும் ஏற்பிகள், மைடி88 அவற்றின் இணைப்புப் புரதங்களில் ஒன்று. டிஎல்ஆர்3 ட்ரிஃப் என்ற வேறோர் இணைப்புப் புரதம் வழியாகப் போகிறது. டிஎல்ஆர்4 இரண்டையும் பயன்படுத்துகிறது.