நாற்பதுக்கு மேல் பாராலீகல் ஆகப் போகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

நடுவயதில் தொழில் மாற நினைப்பவர்களுக்குப் பாராலீகல் வேலை, அதாவது பொதுவாக வழக்கறிஞருக்குத் துணையாகச் சட்டப் பணிகளைச் செய்யும் வேலை, கண்ணில் படுவதில் ஆச்சரியமில்லை. சட்டக் கல்லூரியில் வருடக்கணக்கில் உட்கார வேண்டாம். மூளைக்கு வேலை இருக்கும். மனு வரைவது, ஆவணங்களைத் திரட்டி அடுக்குவது, கட்சிக்காரரிடம் (வழக்கறிஞரை அமர்த்தியவரிடம்) விவரம் கேட்டு எழுதுவது, கெடு தவறாமல் தாக்கல் செய்வது, தீர்ப்புகளைத் தேடி எடுப்பது என்று நாள் முழுக்க ஓடும். பொறுமையும் ஒழுங்கும் உள்ளவர்களுக்கு நல்ல வேலை.

ஆனால் இதில் நுழைந்து தடுமாறுகிறவர்கள் பெரும்பாலும் சட்டம் தலையில் ஏறாமல் தடுமாறுவதில்லை. அதைப் படித்துவிடலாம். இருபது வருடம் பார்த்த பழைய வேலையிலிருந்து எதைக் கையோடு கொண்டுவர வேண்டும், எதை வாசலில் விட்டுவர வேண்டும் என்பதில்தான் குழம்பிவிடுகிறார்கள். கீழே உள்ள தவறுகளில் பல இந்தக் குழப்பத்திலிருந்து வருபவை.

விசாரிக்காமல் கட்டணம் கட்டுவது

விளம்பரத்தைப் பார்த்ததும் முதலில் கண்ணில் பட்ட படிப்பில் சேர்ந்துவிடுகிறார்கள். பாராலீகல் என்ற பெயர் எல்லா நாட்டிலும் இருக்கிறது, வேலையும் விதிகளும் ஒன்றல்ல. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2007 முதல் பாராலீகலுக்கு உரிமம் கட்டாயம். அங்கீகரிக்கப்பட்ட கல்லூரிப் படிப்பு, 120 மணி நேரக் களப்பயிற்சி, அதன் பிறகு மாகாணச் சட்டச் சங்கம் நடத்தும் தேர்வு என்று படிப்படியாகப் போக வேண்டும். அதற்குப் பலனும் உண்டு: உரிமம் பெற்றவர் சிறு தொகை வழக்குகளுக்கான நீதிமன்றத்தில் தானே நின்று வாதாடலாம். இங்கிலாந்தில் அப்படிக் கட்டாய உரிமம் எதுவும் இல்லை. ஆனால் அங்கே 2021இல் வந்த புதிய முறையில், சொலிசிட்டர் (அங்குள்ள ஒரு வகை வழக்கறிஞர்) ஆவதற்குத் தேவையான இரண்டு வருடப் பணி அனுபவத்தில் பாராலீகலாக வேலை பார்த்த காலத்தையும் சேர்த்துக்கொள்ள முடியும். அமெரிக்காவில் நாடு முழுமைக்குமான உரிமம் கிடையாது, பொதுவாக வழக்கறிஞரின் மேற்பார்வையில்தான் வேலை. கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் யார் தன்னைப் பாராலீகல் என்று சொல்லிக்கொள்ளலாம் என்பதற்கே தனிச் சட்டம் இருக்கிறது. இந்தியாவில் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு 2009இல் கொண்டுவந்த பாராலீகல் தன்னார்வலர் திட்டம் மதிப்பான சேவை, ஆனால் அதை மாதச் சம்பள வேலை என்று நம்பி இறங்கக் கூடாது.

அமெரிக்காவில் இன்னொரு குழப்பமும் உண்டு. ஒரு நிறுவனத்தில் படித்து முடித்ததற்குத் தரும் சான்றிதழ் வேறு. நாலா (NALA) போன்ற பாராலீகல் தொழில்முறைச் சங்கம் தேர்வு வைத்துத் தரும் சான்று வேறு. நாலாவின் சான்றை வாங்கியவர் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை 50 மணி நேரத் தொடர்கல்வி காட்டினால்தான் அது நீடிக்கும். அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் படிப்புகளை அங்கீகரிக்குமே தவிர, தனி நபர் யாருக்கும் பாராலீகல் சான்று கொடுப்பதில்லை. 'எங்கள் படிப்பை முடித்தால் அந்தச் சங்கத்தின் சான்று கிடைக்கும்' என்று ஒரு விற்பனையாளர் சொன்னால், அங்கேயே எழுந்துவிடலாம்.

என் கருத்தில் சரியான வரிசை இதுதான்: நீங்கள் வேலை பார்க்கப்போகும் ஊரின் வேலை விளம்பரங்களை ஒரு மாதம் தொடர்ந்து படியுங்கள். என்ன தகுதி கேட்கிறார்கள், எந்தத் துறைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த வேலையில் இருக்கும் இரண்டு பேரிடமாவது பேசுங்கள். அப்புறம் பணம் கட்டுங்கள்.

பழைய வேலையை மறைப்பது

இதைப் பார்த்தால் எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கும். பதினெட்டு வருடம் செவிலியராக இருந்த ஒருவர், தன் விண்ணப்பத்தில் அதை ஒற்றை வரியாகச் சுருக்கிவிட்டு, ஆறு மாதப் படிப்பை மேலே போட்டுக்கொள்கிறார். வயது தெரிந்துவிடுமோ என்ற பயம்.

மருத்துவக் கவனக்குறைவு வழக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். மருத்துவமனையிலிருந்து பல நூறு பக்கம் வந்திருக்கிறது. மருந்து ஏற்றிய தாளில் நேரம் 2.10. அந்த மருந்துக்கு மருத்துவர் உத்தரவு எழுதிய நேரம் 3.30. உத்தரவுக்கு முன்பே மருந்து எப்படிப் போனது? சட்டம் மட்டும் படித்தவர் இந்த இரண்டு தாள்களையும் தனித்தனியாக வாசித்துவிட்டுக் கடந்துபோவார். செவிலியராக இருந்தவரின் கண் அங்கே நின்றுவிடும். தேதி, நேரம், நிகழ்வு என்று அவர் எழுதிக் கொடுக்கும் காலவரிசைக் குறிப்புதான் வழக்கறிஞர் அந்த வழக்கை எடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க உதவும். இந்தக் கண்ணை எந்தப் படிப்பும் ஆறு மாதத்தில் கொடுக்காது.

கணக்குப் பார்த்தவர்களுக்குச் சொத்துப் பங்கீடும் திவாலும், வங்கியில் வீட்டுக் கடன் பிரிவில் இருந்தவர்களுக்குப் பத்திரப் பரிமாற்றமும், மனிதவளத் துறையினருக்குத் தொழிலாளர் வழக்குகளும், பொறியாளர்களுக்குக் காப்புரிமையும் இயல்பாகப் பொருந்தும். 'எந்தத் துறையானாலும் சரி' என்று விண்ணப்பிப்பது இருபத்திரண்டு வயதுக்காரருக்குச் சரி. நடுவயதுக்காரர் தன் துறை சார்ந்த அலுவலகங்களைத் தேடிப் போக வேண்டும்.

கேட்டதும் பதில் சொல்லிவிடுவது

இதுதான் மிக ஆபத்தானது. பழைய வேலையில் மேலாளராக இருந்தவர்கள் இதில் அதிகம் மாட்டுவார்கள் என்பது என் எண்ணம். பொறுப்பேற்று உடனே பதில் சொல்வதுதான் அங்கே அவர்களின் பலம்.

மாலை ஐந்தரை மணி. வழக்கறிஞர் நீதிமன்றத்திலிருந்து திரும்பவில்லை. கட்சிக்காரர் போனில் வருகிறார்.

"மேடம், சமரச ஒப்பந்தம் வந்திருக்கு. படிச்சுப் பார்த்தேன், சரியாத்தான் தெரியுது. கையெழுத்துப் போட்டுடலாமா?"

உங்களுக்குப் பதில் தெரியும். இதே மாதிரி பத்து ஒப்பந்தங்களை நீங்களே அச்செடுத்திருப்பீர்கள். 'போடலாம்' என்று சொன்னால் அது சட்ட ஆலோசனை. வழக்கறிஞர் உரிமம் இல்லாதவர் சட்ட ஆலோசனை சொல்வது பல நாடுகளில் விதிமீறல், அமெரிக்காவின் பல மாநிலங்களில் குற்றமே. 'போட வேண்டாம்' என்றாலும் அதே கதைதான்.

சொல்ல வேண்டியது இப்படி இருக்கும்: "இதுக்கு வக்கீல்தான் பதில் சொல்லணும் சார். நீங்க கேட்டதை இப்பவே குறிச்சு அவருக்கு அனுப்பிடறேன். அவர் பேசுற வரைக்கும் கையெழுத்துப் போடாம வைங்க. கெடு ஏதாவது போட்டிருக்கா அதுல?" முடிவை அதற்கு உரியவரிடம் விட்டாயிற்று. கெடுவையும் கேட்டு வாங்கியாயிற்று. வழக்கறிஞர் சொன்ன ஆலோசனையை அவர் பெயரில் அப்படியே கட்சிக்காரருக்குத் தெரிவிப்பதில் தவறில்லை. நாமாக ஒரு வார்த்தை சேர்ப்பதில்தான் வம்பு. புதிய வழக்கை ஏற்பது, கட்டணத்தை நிர்ணயிப்பது, அனுமதியில்லாத இடத்தில் நீதிமன்றத்தில் ஆஜராவது ஆகியவையும் இதே எல்லைக்குள் வருபவை. உறவினர்களும் பழைய நண்பர்களும் 'நீதான் வக்கீல் ஆபீஸில் இருக்கியே' என்று கேட்கும் கேள்விகளுக்கும் இது பொருந்தும். சங்கடமாகத்தான் இருக்கும். பழகிக்கொள்ள வேண்டும்.

பழைய நிறுவனங்களைச் சொல்லாமல் விடுவது

படிப்பு முடிந்து நேராக வருகிறவருக்குப் பின்னால் பெரிதாக எதுவும் இருக்காது. உங்களுக்குப் பின்னால் நான்கு நிறுவனங்கள், நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்கள், பாதுகாக்க வேண்டிய ரகசியங்கள் இருக்கும். நாளைக்கு எதிர்த்தரப்பாக வந்து நிற்பது அவர்களில் ஒருவராகவே இருக்கலாம். சேரும்போதே எங்கெல்லாம் வேலை பார்த்தீர்கள், யாரோடு பங்கு வைத்திருந்தீர்கள், எந்த ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்று பட்டியல் எழுதிக் கொடுத்துவிடுங்கள். முன்கூட்டியே தெரிந்தால், பல இடங்களில் அந்த ஒரு ஃபைலை மட்டும் உங்கள் கண்ணில் படாமல் ஒதுக்கி வைத்துச் சமாளித்துவிடுவார்கள். நடுவில் தெரியவந்தால் அலுவலகமே அந்த வழக்கை இழக்க நேரலாம்.

இளையவரிடம் வேலை பார்க்கத் தயங்குவது

உங்களைவிடப் பதினைந்து வயது குறைந்த வழக்கறிஞர் உங்கள் வரைவைச் சிவப்பு மையால் நிரப்பித் திருப்பிக் கொடுப்பார். அது நடக்கும். தொடக்கச் சம்பளமும் பழையதைவிடக் குறைவாக இருக்கக்கூடும். இரண்டுக்கும் குடும்பத்தையும் மனதையும் முன்பே தயார் செய்துகொண்டு வந்தால் பாதிப் பிரச்சினை இல்லை.

'சின்ன வேலைதானே' என்று நினைப்பது

இந்தத் தொழிலில் உயிர் இருப்பதே இங்கேதான். நாள் எண்ணுவதைப் பாருங்கள். அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்ற விதிகளின்படி, சம்மன் கைக்கு வந்த பிரதிவாதி பொதுவாக 21 நாளில் பதில் தாக்கல் செய்ய வேண்டும். சம்மன் கிடைத்தது 3ஆம் தேதி, சனிக்கிழமை என்று வைத்துக்கொள்வோம். அந்த நாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. 4ஆம் தேதிதான் முதல் நாள். இடையில் வரும் சனி, ஞாயிறு எல்லாம் சேரும். 21ஆவது நாள் 24ஆம் தேதி, அதுவும் சனிக்கிழமை. கடைசி நாள் விடுமுறையில் விழுந்தால் அடுத்த வேலை நாளுக்குத் தள்ளும் என்பதால் கெடு 26ஆம் தேதி திங்கட்கிழமை. ஒவ்வொரு நீதிமன்றத்துக்கும் எண்ணும் முறை மாறும். பழைய அலுவலகத்தில் ஒரு நாள் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டால் முடிந்திருக்கும். இங்கே கெடு தவறினால் கட்சிக்காரர் வழக்கையே இழக்கலாம்.

மறைக்க வேண்டிய விவரங்களும் அப்படித்தான். பிடிஎஃப் கோப்பில் ஒரு வரியின் மேல் கறுப்புப் பட்டை வரைந்துவிட்டால் மறைந்துவிட்டது என்று நினைப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். 2019 ஜனவரியில், டிரம்பின் 2016 தேர்தல் பிரசாரத் தலைவராக இருந்த பால் மானஃபோர்ட்டின் வழக்கில் அவருடைய வழக்கறிஞர்கள் தாக்கல் செய்த ஆவணத்தில் இதுதான் நடந்தது. பட்டைக்கு அடியில் இருந்த எழுத்துகளைச் செய்தியாளர்கள் நகலெடுத்து ஒட்டியே படித்துவிட்டார்கள். எழுத்தையே கோப்பிலிருந்து நீக்கும் கருவியைப் பயன்படுத்திவிட்டு, பிறகு நீங்களே நகலெடுத்துப் பார்த்துச் சோதிக்க வேண்டும்.

நேரக் கணக்கு பலருக்குப் புதிது. மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் அலுவலகங்களில் பெரும்பாலும் ஆறு நிமிடத்தை ஓர் அலகாக வைத்து எழுதுவார்கள். 1989இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மிசூரி எதிர் ஜென்கின்ஸ் தீர்ப்பில், எதிர்த்தரப்பு தர வேண்டிய வழக்குச் செலவில் பாராலீகலின் நேரத்தைச் சந்தை விலையில் சேர்க்கலாம் என்று ஏற்றது. வெறும் எழுத்தர் வேலையைப் பாராலீகல் விலைக்குப் போடக் கூடாது என்றும் குறிப்பிட்டது. அதனால் 'கோப்பு வேலை, 3 மணி நேரம்' என்று வெள்ளிக்கிழமை மாலை உட்கார்ந்து எழுதுவது உதவாது. என்ன செய்தோம், எதற்காக என்று அந்தந்த வேலை முடிந்த கையோடு எழுத வேண்டும்.

கடைசியாகச் செயற்கை நுண்ணறிவு. வயதால் பின்தங்கிவிடக் கூடாது என்று இதில் வேகம் காட்டுகிறவர்களை எச்சரிக்கத் தோன்றுகிறது. கற்றுக்கொள்வது நல்லது, நம்பி ஒப்படைப்பது வேறு. 2023இல் நியூயார்க்கில், ஏவியன்கா விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், சாட்ஜிபிடி கற்பனையாக உருவாக்கிய தீர்ப்புகளை மேற்கோள் காட்டியதற்காக வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. பெயர், எண், நீதிபதிகள் எல்லாம் பார்க்க அசல் போலவே இருந்தன. வரைவில் உள்ள ஒவ்வொரு தீர்ப்பையும் தீர்ப்புத் தொகுப்பில் திறந்து, மேற்கோள் வரி அதே பக்கத்தில் அதே சொற்களில் இருக்கிறதா, பின்னால் வந்த தீர்ப்பு எதுவும் அதைப் புரட்டிப்போடவில்லையே என்று பார்த்த பிறகுதான் அது வழக்கறிஞரின் கையெழுத்துக்குப் போக வேண்டும்.