ஃபயர்ஃபாக்ஸைக் கைக்கும் கண்ணுக்கும் ஏற்ப அமைத்துக்கொள்வது

1366-க்கு 768 பிக்சல் திரை உள்ள லேப்டாப்பில் ஃபயர்ஃபாக்ஸைத் திறந்தால், பக்கம் தொடங்குவதற்கு முன்பே திரையின் உயரத்தில் நல்ல பங்கு போய்விடுகிறது. டேப் வரிசைக்கு 44 பிக்சல், அட்ரஸ் பார் இருக்கும் வரிசைக்கு 40, புக்மார்க் வரிசை வைத்திருந்தால் மேலும் ஏறத்தாழ 30. கீழே விண்டோஸ் 10-இன் டாஸ்க்பாருக்கு இன்னொரு 40. 2021 ஜூனில் வந்த 89-ஆம் பதிப்பில்தான் டேப்கள் இவ்வளவு பருமனாயின. அதனால் தீம், நிறம் பக்கம் போகுமுன் இழந்த உயரத்தை மீட்பதுதான் முதல் வேலை. வாசிக்க இடம் இல்லாத பிரவுசருக்கு அழகு எதற்கு?

தொடங்குமுன் இப்போதைய அமைப்பை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். அட்ரஸ் பாரில் அபவுட்:கான்ஃபிக் என்று தட்டி, எச்சரிக்கையை ஏற்றுக்கொண்டால் ஒரு தேடல் பெட்டி வரும். (இந்தக் கட்டுரையில் வரும் கான்ஃபிக் பெயர்களை எல்லாம் ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல் தட்ட வேண்டும்.) அதில் யூஐகஸ்டமைசேஷன் என்று தேடுங்கள். பெயர் 'ஸ்டேட்' என்று முடியும் வரியில் நீளமான ஒரு எழுத்துச் சரம் இருக்கும். எந்தப் பட்டன் எந்த இடத்தில் என்பதெல்லாம் அந்தச் சரத்தில்தான் இருக்கிறது. அதை நகலெடுத்து ஒரு நோட்பேட் கோப்பில் போட்டுவையுங்கள். ஃபயர்ஃபாக்ஸ் சிங்க் உங்கள் புக்மார்க்குகளையும் ஆட்-ஆன்களையும் புதுக் கணினிக்குக் கொண்டுபோகும். பட்டன் வரிசையைக் கொண்டுபோகாது. அங்கே இதே சரத்தை ஒட்டி, வேறு எதையும் தொடாமல் பிரவுசரை மூடித் திறந்தால் போதும்.

டூல்பாரைக் காலி செய்தல்

டூல்பாரின் வெற்றிடத்தில் ரைட் கிளிக் செய்து 'கஸ்டமைஸ் டூல்பார்' திறங்கள். அட்ரஸ் பாரின் இருபுறமும் 'ஃப்ளெக்ஸிபிள் ஸ்பேஸ்' என்ற வெற்று இடைவெளிகள் இருக்கும். அவற்றைக் கீழே இழுத்துப் போட்டுவிட்டால் அட்ரஸ் பார் நீளும், முகவரியை முழுதாகப் படிக்கலாம். போலித் தளங்களைக் கண்டுபிடிக்க இந்த நீளம் மிகவும் உதவும்.

அன்றாடம் தொடாத பட்டன்களை முழுவதும் நீக்க மனமில்லை என்றால், வலதுபக்கம் இருக்கும் 'ஓவர்ஃப்ளோ மெனு' பெட்டிக்குள் இழுத்து வையுங்கள். இரட்டை அம்புக்குறியை அழுத்தினால் கிடைக்கும். ஆட்-ஆன் பட்டன்களில் ஒன்றிரண்டைத் தவிர மற்றவை புதிர்த்துண்டு வடிவப் பட்டனுக்குள் இருப்பதே நல்லது. அதே திரையின் கீழ்மூலையில் 'டைட்டில் பார்' டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள், ஒரு வரிசை மிச்சமாகும்.

புக்மார்க் வரிசையை கன்ட்ரோல் + ஷிஃப்ட் + பி அழுத்தி மறைக்கலாம், வரவழைக்கலாம். 'ஒன்லி ஷோ ஆன் நியூ டேப்' என்ற நடுவழியும் உண்டு. பெரும்பாலோருக்கு அதுவே பொருந்தும். எப்போதும் கண்ணில் பட வேண்டும் என்பவர்கள் ஒவ்வொரு புக்மார்க்கையும் எடிட் செய்து பெயரை வெறுமையாக்கிவிடலாம். சின்னம் மட்டும் நிற்கும், ஒரே வரிசையில் முப்பது தளங்கள்கூட அடங்கும். ஃபோல்டர்களுக்குப் பெயர் இருக்கட்டும். அவற்றின் சின்னம் எல்லாம் ஒன்றுபோலவே இருப்பதால் பெயர் போனால் எது எது என்று தெரியாது.

டேப்களைப் பக்கவாட்டுக்கு மாற்றுவது

இருப்பதிலேயே அதிக உயரம் மிச்சமாகும் மாற்றம் இதுதான். 2025 மார்ச்சில் வந்த 136-ஆம் பதிப்பிலிருந்து செங்குத்து டேப்கள் ஃபயர்ஃபாக்ஸிலேயே உண்டு, ஆட்-ஆன் தேவையில்லை. டேப் வரிசையின் வெற்றிடத்தில் ரைட் கிளிக் செய்து 'டர்ன் ஆன் வெர்டிகல் டேப்ஸ்' தேர்ந்தெடுங்கள். மேலே இருந்த 44 பிக்சல் வரிசை முழுவதும் மறைந்து, டேப்கள் இடதுபக்க சைட்பாருக்கு வந்துவிடும். இடம் மாற்ற வேண்டுமானால் 'கஸ்டமைஸ் சைட்பார்' பகுதியில் வலதுபக்கத்துக்கு நகர்த்தலாம்.

சைட்பாரைச் சுருக்கினால் சின்னங்கள் மட்டும் தெரியும். வேறு வேறு தளங்களைத் திறந்து வைத்திருப்பவர்களுக்கு அது போதும். ஒரே செய்தித் தளத்தில் பத்துப் பக்கம், ஒரே விக்கிப்பீடியாவில் பதினைந்து கட்டுரை என்று திறப்பவர்கள் சுருக்காதீர்கள். எல்லாச் சின்னமும் ஒன்றாகவே இருக்கும், தலைப்பு தெரியாமல் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்க வேண்டிவரும். விரித்தே வைத்து, ஓரத்தைப் பிடித்து இழுத்து அகலத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மேலேயே டேப் வேண்டும் என்பவர்கள் கான்ஃபிக்கில் டேப்மின்விட்த் என்று தேடுங்கள். இயல்பு மதிப்பு 76. அதை 110 ஆக்கினால் நிறைய டேப் திறந்தாலும் தலைப்பின் முதல் சொல்லாவது படிக்கக் கிடைக்கும். வரிசை நிரம்பி நகர ஆரம்பிப்பது கொஞ்சம் சீக்கிரமாக நடக்கும், அவ்வளவுதான்.

பருமனைக் குறைக்க இன்னொரு வழி 'காம்பேக்ட்' அடர்த்தி. 89-ஆம் பதிப்பில் மெனுவிலிருந்து எடுத்துவிட்டார்கள், உள்ளே இன்னும் இருக்கிறது. காம்பேக்ட்மோட் என்று தேடி, 'ஷோ' என்று முடியும் வரியை ட்ரூ ஆக்குங்கள். பிறகு 'கஸ்டமைஸ் டூல்பார்' திரையின் அடியில் 'டென்சிட்டி' பட்டியலில் காம்பேக்ட் தோன்றும். பக்கத்தில் ஆதரவில்லை என்று எழுதியிருப்பதைப் பார்த்துத் தயங்க வேண்டாம். அதே பட்டியலில் டேப்லெட் முறைக்கு டச் அளவைப் பயன்படுத்தும் ஒரு டிக் இருக்கும். மடக்கும் வகை லேப்டாப்பில் திடீரென்று பட்டன்கள் எல்லாம் தள்ளித் தள்ளி நின்றால் அதற்கு அந்த டிக்தான் காரணம்.

எழுத்து சிறியதாகத் தெரிந்தால்

மேலே சொன்னவை இடத்தை மீட்கும். சிலருக்குச் சிக்கல் நேர்மாறானது, மெனுவே படிக்க முடியாத அளவு சிறியதாக இருக்கும். கான்ஃபிக்கில் டெவ்பிக்சல்ஸ் என்று தேடினால் மைனஸ் 1.0 என்ற மதிப்பு வரும். கணினியின் ஸ்கேலிங் (திரையில் எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டும் அளவு) என்னவோ அதையே பின்பற்று என்பது அதன் பொருள். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள்: நீங்கள் போடும் எண் விண்டோஸ் அளவோடு பெருக்கப்படுவதில்லை, அதற்குப் பதிலாக வந்து உட்காருகிறது. விண்டோஸ் 125 சதவீதத்தில் இருக்கும்போது 1.1 போட்டால் எல்லாம் பெரிதாவதற்குப் பதில் சிறுத்துவிடும். அங்கே 1.35-இலிருந்து தொடங்குங்கள். 0.05 அளவுக்கு மேல் ஒரே தடவையில் மாற்றாதீர்கள். எண்ணைத் தவறுதலாக 13 என்று தட்டிவிட்டால் ஜன்னல் முழுக்க ஒரே பட்டன்தான் தெரியும். அப்படி ஆனால் பிரவுசரை மூடிவிட்டு, ப்ரொஃபைல் ஃபோல்டரில் (ஃபயர்ஃபாக்ஸ் உங்கள் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் இடம்) உள்ள ப்ரெஃப்ஸ்.ஜேஎஸ் கோப்பில் அந்த ஒரு வரியை மட்டும் அழியுங்கள். பிரவுசர் திறந்திருக்கும்போது அழித்தால் பயனில்லை, மூடும்போது கோப்பைத் திரும்ப எழுதிவிடும்.

தமிழ்ப் பக்கங்களுக்குத் தனி ஏற்பாடு உண்டு, அதைச் செய்யாமல் விடாதீர்கள். செட்டிங்ஸில் 'ஃபான்ட்ஸ்' பகுதியில் 'அட்வான்ஸ்டு' அழுத்தி, மேலே உள்ள பட்டியலில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸில் நிர்மலா யூஐ ஏற்கெனவே இருக்கும். நோட்டோ சான்ஸ் தமிழ் நிறுவினால் பிரவுசரை ஒருமுறை மூடித் திறந்த பின்தான் பட்டியலில் வரும். குறைந்தபட்ச அளவை 15 அல்லது 16 வையுங்கள். புள்ளியும் கொம்பும் சுழியும் உள்ள எழுத்துக்கு 12 பிக்சல் போதாது, ணகரமும் னகரமும் ஒன்றாகத் தெரிய ஆரம்பிக்கும்.

அளவை வைத்தும் சில தளங்களில் மாற்றம் தெரியவில்லை என்றால், அந்தப் பக்கம் தன் மொழி தமிழ் என்று அறிவிக்காமல் விட்டிருக்கும். குறைந்தபட்ச அளவு பக்கத்தின் மொழிக் குறிப்பைப் பார்த்தே செயல்படுகிறது. எனவே 'லத்தீன்' பிரிவிலும் 13 அல்லது 14 வையுங்கள். அதற்கு மேல் போனால் சில தளங்களின் மெனுச் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். பக்கங்கள் தங்கள் எழுத்துருவைத் தேர்ந்தெடுக்க அனுமதிக்கும் டிக்கை எடுக்க வேண்டாம். நிறைய தளங்கள் சின்னங்களையும் எழுத்துருவாகவே அனுப்புகின்றன. டிக் போனால் அந்த இடங்களில் வெற்றுக் கட்டம் வரும்.

இவ்வளவுக்கும் பிறகும் மறைக்க முடியாத ஏதோ ஒன்று உறுத்தினால் யூசர்க்ரோம்.சிஎஸ்எஸ் கோப்பு இருக்கிறது, பிரவுசர் ஜன்னலின் தோற்றத்தை மாற்றும் விதிகளை அதில் நீங்களே எழுதலாம். 2019-இல் வந்த 69-ஆம் பதிப்பிலிருந்து அது இயல்பாக முடக்கப்பட்டிருக்கிறது. லெகஸியூசர்ப்ரொஃபைல் என்று தேடி ட்ரூ ஆக்க வேண்டும். கோப்பு வேலை செய்யாததற்குக் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: அந்தக் கோப்பை வைக்க வேண்டிய 'க்ரோம்' என்ற ஃபோல்டரைத் தவறான ப்ரொஃபைலில் உருவாக்கியிருப்பது, விண்டோஸ் பின்னொட்டை மறைத்ததால் கோப்பு .டிஎக்ஸ்டி என்று முடிவது, பிரவுசரை மூடித் திறக்காதது. சரியான ப்ரொஃபைல் எது என்பது அபவுட்:சப்போர்ட் பக்கத்தில் தெரியும்.

ஒரு அப்டேட்டுக்குப் பிறகு ஜன்னல் கோணலானால், ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஃபயர்ஃபாக்ஸைத் திறங்கள். ட்ரபிள்ஷூட் முறையில் அந்தக் கோப்பும் ஆட்-ஆன்களும் ஒதுங்கிக்கொள்ளும், பிழை எங்கே என்று பார்க்கலாம். அப்போது வரும் பெட்டியில் 'ஓப்பன்' மட்டும் அழுத்துங்கள். பக்கத்தில் இருக்கும் 'ரிஃப்ரெஷ்' ஆட்-ஆன்களையும் நீங்கள் செய்த மாற்றங்களையும் சேர்த்தே எடுத்துவிடும்.