வால்வு ஆம்ப் ஊளையிட்டால்

புதிதாகக் கட்டிய புஷ்-புல் (அவுட்புட் வால்வுகள் ஜோடியாக, எதிரெதிராக வேலை செய்யும்) வால்வு ஆம்ப்பில் ஃபீட்பேக் வயரை (அவுட்புட் சிக்னலில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே அனுப்பும் வயர்) இணைத்ததும் ஸ்பீக்கர் ஓவென்று ஊளையிட்டால் உடனே ஆஃப் செய்யுங்கள், கப்பாசிட்டரில் 300 வோல்ட் மிச்சம் நிற்கும், அது முழுக்க இறங்கியதை மீட்டரில் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும். அப்புறம் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டு பிளேட் வயர்களையும் (வால்வுகளின் பிளேட் என்ற அவுட்புட் முனைக்குப் போகும் வயர்கள்) இடம் மாற்றிப் போடுங்கள், திரும்பி வரும் சிக்னல் தலைகீழாகி ஊளை சரியாகிவிடும்.

கும்பகோணத்தில் நான் கட்டிய இஎல்84 வால்வு ஆம்ப் வேறு மாதிரி படுத்தியது. ஊளை இல்லை, நாதஸ்வரம் உச்சத்துக்குப் போனால் கரகரப்பு, வால்வுக்குள் பிளேட் லேசாகச் சிவக்கிறது. காதுக்கு எட்டாத ஆஸிலேஷன், அதாவது ஆம்ப் தானாகவே சிக்னல் உண்டாக்குவது! ஃபீட்பேக் ரெசிஸ்டருக்கு இணையாக 100 பிகோஃபாரட் மைக்கா கப்பாசிட்டர் வைத்ததும் அடங்கியது. டிரான்ஸ்ஃபார்மருக்குத் தகுந்தபடி இந்த மதிப்பு மாறும், அதனால் 10 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை கொடுத்து, ஆஸிலோஸ்கோப்பில் (சிக்னலின் வடிவத்தைத் திரையில் காட்டும் கருவி) ஓரத்து நெளிவு அடங்கும்வரை மாற்றிப் பாருங்கள்.