பங்குனியில் பாம்பன் கால்வாய்க்கு வருகிறவர்களுக்கு

பாம்பனுக்கு எப்போது வரலாம் என்று கேட்கிற எல்லோருக்கும் நான் சொல்வது இதுதான்: பங்குனி பிறந்ததும் வாருங்கள், சித்திரை பாதிக்குள் பார்த்து முடித்துவிடுங்கள். வெயில் கொளுத்தும், அது உண்மை. ஆனால் வாடைக் காற்று ஓய்ந்து, தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று இன்னும் எழும்பாத நாட்கள் இவை, வருஷத்தில் வடகடலும் தென்கடலும் ஒரே நேரத்தில் அடங்கிக் கிடப்பது அநேகமாக இப்போதுதான். வாடைக் காலத்தில் பாக் நீரிணைப் பக்கம், அதாவது எங்கள் வடகடல், கொந்தளிக்கும். கச்சான் வந்துவிட்டால் மன்னார் வளைகுடாப் பக்கத்துத் தென்கடல் முறை. நாட்டுப்படகுக்காரர்கள் அதற்கேற்ப இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறித் தொழிலுக்குப் போவார்கள். இரண்டு கடலுக்கும் நடுவே இருக்கும் வாசல்தான் கால்வாய், காற்று மாறினால் அதில் ஓடும் தண்ணீரின் திசையும் மாறும். வாடையில் வடக்கிலிருந்து தெற்கே இழுக்கும், கச்சானில் தெற்கிலிருந்து வடக்கே.

ஒருகாலத்தில் இங்கே ராமேசுவரம் தீவுக்கு நடந்தே கடக்கலாம், 1480-இல் அடித்த புயலில்தான் நிலம் அறுந்துபோனது என்று ஊரில் சொல்வார்கள். 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் பாறையை வெடிவைத்துத் தகர்த்து கால்வாயை ஆழப்படுத்தினார்கள். அதற்குப் பிறகும் பெரிய கப்பல் வரும் ஆழம் கிடையாது. இழுவைக் கப்பல், மிதவைக் கப்பல், ரோந்துக் கப்பல், ஆழ்கடல் மீன்பிடிப் படகு, இவைதான் வரும். சூயஸ் மாதிரி எதிர்பார்த்து வந்துவிட்டு முகம் சுளிக்காதீர்கள்.

சரி, நாளை எப்படித் தேர்ந்தெடுப்பது? ரயில் டிக்கெட் போடும் முன் நாட்காட்டியை எடுத்து அமாவாசை, பௌர்ணமி எப்போது என்று பாருங்கள். இங்கே கடல் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர்கூட வராது, ஆனாலும் ஆழம் குறைந்த இடத்தில் ஒரு முழம் தண்ணீர்கூடப் பெரிய விஷயம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் கூடுதலாக ஏறும். அடிப்பாகம் ஆழமாக இறங்கும் கப்பல்கள் அந்த ஏற்றத்துக்காகவே கால்வாய்க்கு வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருக்கும். உங்களுக்குக் கப்பல் கடப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் அந்த நாட்களைப் பிடியுங்கள். சும்மா வள்ளங்களைப் பார்த்தால் போதும் என்றால் எந்த நாளும் சரிதான், அவை ரயில் பாலத்தைத் தூக்கச் சொல்லிக் கேட்பதில்லை, தூண்களுக்கு நடுவேயே புகுந்து போய்விடும்.

தூக்குப்பாலத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டு வந்தால் பார்ப்பதில் ருசி கூடும். பழைய ரயில் பாலம் 1914 பிப்ரவரி 24-இல் திறந்தது. நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து இரு கைகளை உயர்த்துவதுபோல மேலே போய்வந்தது, அதை ஆட்கள் நின்று கையாலேயே சுற்றித் திறந்துவந்தார்கள். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் பாலத்தின் இரும்புக் கர்டர்களில் பெரும்பாலானவை கடலுக்குள் போனபோதும் அந்தத் தூக்குப் பகுதி நின்றது. 46 நாளில் பாலத்தை மறுபடி ரயில் ஓடும்படி செய்துவிட்டார்கள், அந்த வேலையை முன்னின்று செய்தவர் பிற்காலத்தில் மெட்ரோ மனிதர் என்று பெயரெடுத்த ஸ்ரீதரன். 2022 டிசம்பரோடு அதில் ரயில் நின்றது. இப்போது ஓடுவது 2025 ஏப்ரல் 6-இல் திறந்த புதுப் பாலத்தில். இதில் 72.5 மீட்டர் நீளத் துண்டு மோட்டார் விசையில் லிப்ட் மாதிரி நேராக 17 மீட்டர் மேலே ஏறும். எனக்குப் பழையது திறந்த அழகுதான் பிடிக்கும், ஆனால் புதியது வேகம், அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன், நீங்கள் படாமல் இருப்பதற்காக. சில வருஷம் முன்னால் மதுரையிலிருந்து வந்த சித்தப்பா பிள்ளைகளைக் கப்பல் காட்டக் கூட்டிப்போனேன். பத்து மணிக்குக் கடக்கும் என்று விவரம் தெரிந்த ஒருவரே சொன்னார். குடை இல்லை, தண்ணீர் ஒரு பாட்டில், சாலைப் பாலத்தின் கைப்பிடி கையைச் சுடுகிறது, மதியம் இரண்டு மணி வரை நின்றோம். கப்பல் அசையவே இல்லை. காற்று கொஞ்சம் கூடியிருந்தது, அவ்வளவுதான், மறுநாளைக்குத் தள்ளிப்போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து நான் நேரம் கேட்பதில்லை. "பைலட் ஏறிட்டாராண்ணே?" என்று மட்டும் கேட்பேன். வழிகாட்டும் பைலட் கப்பலில் ஏறி, நங்கூரமும் தூக்கியாயிற்று என்றால்தான் பாலத்துக்கு நடக்க வேண்டும். அதற்கு முன் டீக்கடையில் உட்காருங்கள்.

சாலைப் பாலம் 1988 அக்டோபர் 2-இல் திறந்தது, பார்ப்பதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் வண்டியை நடுப்பாலத்தில் நிறுத்தாதீர்கள், நிறுத்தக் கூடாது என்பது விதி, அதை மீறித்தான் பாதி நெரிசல். பாம்பனில் பேருந்தை விட்டு இறங்கி ஓரமாக நடந்து வாருங்கள். பாலத்தின் மேலே காற்று எப்போதும் ஊரைவிட ஒரு மடங்கு அதிகம், தொப்பி பறந்தால் கடலுக்குத்தான்.

டீக்கடை என்றேனே, ஊர்ச் செய்தி கிடைக்கும் இடம் அதுதான். காலை ஆறு மணிக்குப் போனால் எந்தப் படகுக்கு என்ன பட்டது, யாருடைய வலையை எந்த விசைப்படகு கிழித்தது, இலங்கைக் கடற்படை யாரைப் பிடித்துப்போனது என்று எல்லாம் காதில் விழும். கடைசிச் செய்தியைப் பற்றி நீங்களாக வாயைத் திறக்காமல் இருப்பது நல்லது, அந்த மேசையில் உட்கார்ந்திருப்பவரின் தம்பியே உள்ளே இருக்கலாம். இன்னும் சில செய்திகளைக் கண்ணாலேயே படிக்கலாம். துறைமுக அலுவலகக் கம்பத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். 1-ஆம் எண் என்றாலே எங்கோ தூரத்தில் காற்றழுத்தம் இருக்கிறது என்று அர்த்தம். விசைப்படகுகள் திங்கள், புதன், சனியில் டோக்கன் என்ற அனுமதிச் சீட்டு வாங்கிக் கடலுக்குப் போகும், மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. ஆகையால் ராமேசுவரம் துறைமுகத்தில் மீன் இறங்குவதைப் பார்க்க வேண்டுமென்றால் அவை போன நாளுக்கு மறுநாள் காலை போங்கள்.

கூண்டு ஏறாமலும் ஒரு ஆபத்து வரும். சித்திரை, வைகாசியில் காற்றே இல்லாத தெளிந்த நாளில் தென்கடல் திடீரென்று பொங்கிக் கரை ஏறும், கள்ளக்கடல் என்பார்கள். ரொம்பத் தொலைவில், இந்தியப் பெருங்கடலின் தெற்கே அடித்த புயலின் அலை நாள் கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து சேர்வதுதான் அது. ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் மையம் முன்கூட்டியே எச்சரிக்கை தரும், செய்தியில் அந்த வார்த்தை வந்தால் அன்றைக்கு தனுஷ்கோடி, அரிச்சல்முனைப் பக்கம் அலையில் கால் நனைக்க வேண்டாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாளாக இருந்தது, 2017-இல் கூட்டினார்கள். தடை விசைப்படகுக்கு மட்டும்தான், நாட்டுப்படகு போகும், அதனால் மீன் கிடைக்கும், விலையும் ஏறியிருக்கும். தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 5,000 ரூபாயாக இருந்தது. 2023-இல் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் 8,000 என்று முதலமைச்சர் அறிவித்தார். அது கையில் எப்போது வரும் என்பது ஒவ்வொரு வருஷமும் டீக்கடைப் பேச்சு. மேற்குக் கரைக்குத் தடை ஜூன் 1-இல்தான் தொடங்கும், அந்த இடைவெளியால் கேரள, குமரிப் பக்கத்து ஆழ்கடல் படகுகள் கால்வாயில் வரிசை கட்டுவதையும் பார்க்கலாம்.

என்னைக் கேட்டால் தடைக்காலத்தின் முதல் வாரம்தான் படகுப் பிரியர்களுக்கு உண்மையான திருவிழா. கடலில் பாதி மறைந்திருக்கும் படகு அப்போது முழு உடம்போடு கரையில் நிற்கும். அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டுவார்கள், பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்துக் கலப்பத்து அடிப்பார்கள், சாயம் பூசுவார்கள், எஞ்சினைப் பிரித்துப் பரப்பிவைத்திருப்பார்கள். மரப்படகுத் தச்சர் ஒருவர் உளியால் பலகையைத் தட்டிப் பார்த்து, சத்தத்தை வைத்தே உள்ளே உளுத்திருக்கிறதா என்று சொல்வதை நான் அரைமணி நேரம் நின்று கேட்டிருக்கிறேன். போய்ப் பாருங்கள், யாரும் விரட்டமாட்டார்கள். இரண்டு விஷயம் மட்டும்: பரப்பியிருக்கும் வலையைத் தாண்டவோ மிதிக்கவோ கூடாது, சுற்றிப் போங்கள், படகில் ஏறச் சொன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுங்கள். படம் எடுக்கும் முன் சம்மாட்டியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், படகுக்குச் சொந்தக்காரர் அவர்தான்.

நீங்களே படகில் போக வேண்டுமா? மீன்பிடிப் படகில் ஏற்றிப்போகிறேன் என்று யாராவது விலை சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதில் பயணி ஏறக் கூடாது, பிடிபட்டால் பிழைப்பு போவது அவருக்குத்தான். முறையான வழி வனத்துறைப் படகுகள். குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்குப் போகலாம், மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் அது ஒன்று. குந்துகால் விவேகானந்தர் 1897 ஜனவரி 26-இல் இலங்கையிலிருந்து வந்து இறங்கிய இடம், அவர் நினைவு மண்டபத்தைப் பார்த்துவிட்டே படகுக்குப் போகலாம். காற்று கூடினால் படகு விடமாட்டார்கள், அதனால் காலை முதல் நடைக்கே போய் நில்லுங்கள். அடையாள அட்டை வைத்துக்கொள்ளுங்கள், லைப் ஜாக்கெட் வியர்த்தாலும் கழற்றாதீர்கள். செத்துக் கரை ஒதுங்கிய பவளப்பாறைத் துண்டாக இருந்தாலும் பையில் போடாதீர்கள், அது குற்றம். கடல் அட்டையும் அப்படியே, காயவைத்து யாராவது காட்டினால் பார்க்காத மாதிரி நடந்துவிடுங்கள்.

கடல் பயம் உள்ளவர்களும் சின்னப் பிள்ளைகளும் கூட வந்தால் தொண்டிப் பக்கம் காரங்காடு சிறந்தது. அலையாத்திக் காட்டுக்குள் படகு போகும், அலையே இருக்காது, ஊர்ப் பெண்கள் சமைத்த நண்டும் இறாலும் கிடைக்கும். சாப்பாட்டை மட்டும் போகும் முன்பே சொல்லிவைத்துவிடுங்கள், ஆளைப் பார்த்துத்தான் உலை வைப்பார்கள்.