ஒரே வாரத்தில் மூன்று கிலோவா?

ஜிம்மில் புதிதாகச் சேர்ந்த பையன் போன வாரம் போனை நீட்டினான். எடை மிஷின் படம். "அண்ணே, ஒரே வாரத்துல மூணு கிலோ குறைஞ்சிருச்சு!" இரவுச் சாப்பாடு கிடையாதாம், மாவுச்சத்துப் பக்கமே போவதில்லையாம். வெயிட் தூக்கத் தெம்பில்லாமல் டிரெட்மில்லில் மட்டும் ஒரு மணி நேரம். பத்து வருடத்துக்கு முன் நான் செய்த அதே கூத்து. வார்ம் அப், தண்ணீர் பற்றியெல்லாம் எல்லாரும் சொல்வார்கள்; ஜிம்முக்கு வருபவர்கள் செய்யும் தப்புகளை நான் சொல்கிறேன்.

பட்டினி கிடந்து இளைப்பது

ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. மூன்று கிலோவுக்கு 23,100. ஏழு நாளுக்குப் பிரித்தால் தினமும் 3,300 கலோரி பற்றாக்குறை. பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இருந்தாலும் அவனுக்கு அது நடக்காது. போனதில் பெரும்பகுதி தண்ணீர்தான். மாவுச்சத்தை உடல் கிளைகோஜனாகச் சேமிக்கும்போது கிராமுக்கு மூன்று கிராம் அளவில் தண்ணீரையும் சேர்த்துப் பிடித்துவைக்கும். இருப்பு தீர்ந்தால் அதுவும் இறங்கும், இரண்டு நாள் வயிறாரச் சாப்பிட்டால் ஏறிவிடும். இதிலாவது நஷ்டமில்லை.

நஷ்டம் அப்புறம்தான். நான் மூன்று மாதத்தில் 11 கிலோ இறக்கினேன். பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். படுத்துக்கொண்டு கம்பி தூக்கும் பெஞ்ச் பிரஸ்ஸில் 60 கிலோவை எட்டு முறை தூக்கியவன் நான். ஒரு நாள் நாலாவது முறையில் கம்பி நெஞ்சின் மேலேயே உட்கார்ந்துகொண்டது. பக்கத்தில் இருந்தவர் ஓடிவந்து தூக்கிவிட்டார். கண்ணாடியில் பார்த்தால் தோள் இறங்கி, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. தொப்பை மட்டும் கொஞ்சம் சின்னதாக, அதே இடத்தில். கொழுப்போடு தசையையும் சேர்த்துக் கரைத்திருக்கிறேன்! பழையபடி சாப்பிட ஆரம்பித்ததும் ஆறே மாதத்தில் எடை திரும்பியது, தசை திரும்பவில்லை. அதே எடைக்கு இடுப்பு இரண்டு அங்குலம் கூடுதல். ஈடுகட்ட ஒன்றரை வருடம் ஆனது. இப்போது நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

தினமும் தேவையைவிட 300 முதல் 500 கலோரி குறைத்தால் போதும். வாரத்துக்கு உடல் எடையில் அரை சதவீதம், மிஞ்சினால் ஒரு சதவீதம் இறங்கட்டும். உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் தினமும் வேண்டும். முக்கியமாக, இளைக்கும் காலத்தில் வெயிட் தூக்குவதை விடவே கூடாது. 'இந்தத் தசை இன்னும் தேவை' என்று உடலுக்குத் தெரிவிப்பது அது ஒன்றுதான். எடை பார்ப்பதென்றால் காலையில் வெறும் வயிற்றில் பார்த்து, வாரச் சராசரியை எடுங்கள். கூடவே இடுப்பில் ஒரு டேப்.

எல்லாம் சொன்னேன். "சரிண்ணே" என்று டிரெட்மில்லில் ஏறினான்.

எடை ஏற்றுகிறேன் என்று கண்டதையும் தின்பது

தசை வளர அதற்கென்று ஒரு வேகம் உண்டு. 1,000 கலோரி கூடுதலாகத் தின்பதால் அது அவசரப்படாது, மிச்சம் தொப்பைக்குத்தான். 200, 300 கூட்டினாலே தாராளம்.

வயிற்றுக்கு மட்டும் பயிற்சி

கொழுப்பு அப்படிக் கரையாது.

தூக்கம்

ஏழு மணி நேரம். பேரம் கிடையாது.

நோட்டில் எழுதாமல் இருப்பது

போன வாரம் எத்தனை கிலோ, எத்தனை முறை என்று தெரியாதவர் இந்த வாரம் எதைக் கூட்டுவார்? எழுதினால் மட்டும் போதாது, திருப்பியும் பார்க்க வேண்டும். என் பழைய நோட்டில் 60 கிலோவுக்கு நேரே 8, 7, 5, 3 என்று வரிசையாக இறங்கியிருக்கிறது. நான்தான் எடை மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தேன்.