மானுடவியல் பிஎச்.டி. விண்ணப்பம்: குமரி மாவட்ட மாணவர்களுக்கு

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மானுடவியல் பிஎச்.டி.க்குக் கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பரில் வரும். ஆகஸ்டிலேயே வேலையைத் தொடங்குங்கள். இளங்கலையில் தமிழோ வரலாறோ படித்தவர்களும் விண்ணப்பிக்கலாம். ஜி.ஆர்.இ. என்ற நுழைவுத் தேர்வைப் பல துறைகள் கைவிட்டுவிட்டன. ஆனால் மூன்றாண்டுப் பட்டத்தை எல்லாப் பல்கலைக்கழகங்களும் ஏற்பதில்லை, எம்.ஏ. முடிக்காதவர்கள் இதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

இடம் கிடைப்பதும் கிடைக்காததும் பெரும்பாலும் எஸ்.ஓ.பி.யில், அதாவது எதை, ஏன் ஆராய விரும்புகிறீர்கள் என்று நீங்கள் எழுதும் நோக்க அறிக்கையில்தான் இருக்கிறது. சுமார் இரண்டு பக்கம். ‘குளச்சலில் பிறந்தேன், கடலைப் பார்த்து வளர்ந்தேன், மீனவர் பண்பாட்டை ஆராய ஆசை’ என்று எழுதினால் அதில் கேள்வியே இல்லை. கரையிலிருந்து இழுக்கும் பெரிய வலையான கரமடியை எடுத்துக்கொள்ளுங்கள். கரையில் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கயிற்றை இழுக்கிறார்கள். மீன் விற்றதும் பணம் வலைக்காரருக்கும் இழுத்தவர்களுக்கும் பங்காகப் பிரிகிறது. உள்ளூரில் ஆள் குறைந்து வெளியூர்க்காரர் வந்து கயிறு பிடித்தால், அவருக்குப் பங்கா, நாள்கூலியா? அதை யார் முடிவு செய்வது, எந்த நியாயத்தைச் சொல்லி? இப்படிக் கேட்டால்தான் அது மானுடவியல் கேள்வி. குலசேகரம் பக்கத்து ரப்பர் பால்வெட்டானாலும் சாமித்தோப்பு அய்யாவழி வழிபாடானாலும் இதே அளவுக்குக் கிட்டப் போய்ப் பாருங்கள்.

அடுத்து, எந்த ஊரில், எவ்வளவு காலம், யாரோடு இருந்து ஆராய்வீர்கள் என்று எழுதுங்கள். சொந்த ஊரென்றால் யார் உங்களிடம் மனம்விட்டுப் பேசுவார்கள், யார் வாய் திறக்க மாட்டார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். உள்ளூர்க்காரர் என்பதாலேயே எல்லாம் தெரியும் என்ற தொனி எஸ்.ஓ.பி.யைக் கெடுத்துவிடும்.

உங்கள் கேள்விக்கு நெருக்கமாக ஆய்வு செய்யும் பேராசிரியர்கள் இரண்டு மூன்று பேரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். அதற்கு முன் அவர்களுடைய கட்டுரை ஒன்றையாவது முழுதாகப் படித்திருக்க வேண்டும். வழிகாட்ட ஆள் இல்லாத துறை நல்ல விண்ணப்பத்தையும் திருப்பிவிடும்.

பரிந்துரைக் கடிதம் பொதுவாக மூன்று. ஆசிரியர்களுக்கு ஆறு வாரமாவது அவகாசம் கொடுங்கள், எஸ்.ஓ.பி. வரைவையும் அவர்கள் வகுப்பில் நீங்கள் எழுதிய கட்டுரை ஒன்றையும் கூடவே கொடுங்கள். ‘ஒழுக்கமான மாணவி’ என்ற கடிதத்தால் பயனில்லை. அந்தக் கட்டுரையில் எதை, எப்படி வாதிட்டீர்கள் என்று அவர் எழுத வேண்டும். கடிதத்தை அவரே, பல்கலைக்கழகம் மின்னஞ்சலில் அனுப்பும் இணைப்பு வழியாகப் பதிவேற்றுவார். அவருக்குக் கல்லூரி மின்னஞ்சல் முகவரி இருந்தால் விண்ணப்பத்தில் அதையே கொடுங்கள்.

நம் பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழுவது இனிஷியலில். மதிப்பெண் பட்டியலில் ஓரெழுத்து இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர். டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வுக்கும் விண்ணப்பத்துக்கும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். பட்டியலில் உள்ள பெயரை ‘வேறு பெயர்கள்’ கட்டத்தில் போடுங்கள். டோஃபல் மதிப்பெண் இரண்டு ஆண்டுதான் செல்லும்.

விண்ணப்பக் கட்டணத்தைக் கட்டும் முன் விலக்கு உண்டா என்று பாருங்கள். கட்டிய பணம் பெரும்பாலும் திரும்ப வராது.