பிரேம் தொழில் கண்காட்சிக்கு முதல் தடவை போகிறீர்களா? சரக்கைச் சோதித்து வாங்கும் முறை

சென்னை பாரிமுனைப் பக்கம் தேவராஜ முதலி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கும்போது ஒரு வசதி உண்டு. மோல்டிங்கை, அதாவது பிரேம் செய்ய வெட்டும் நீளப் பட்டையை, தெருவுக்குத் தூக்கி வந்து வெயிலில் பார்க்கலாம். மோல்டிங், கண்ணாடி, மவுண்ட் போர்டு (படத்தைச் சுற்றி ஓரமாக வைக்கும் அட்டை), இயந்திரம் விற்பவர்கள் எல்லாரும் ஒரே மண்டபத்தில் ஸ்டால் போடும் மண்டல அளவிலான கண்காட்சியில் அந்த வசதி கிடையாது. ஸ்பாட் லைட் வெளிச்சத்தில் எந்தப் பட்டையும் தங்கமாகத்தான் மின்னும். ஆனால் பத்துப் பேருடைய சரக்கை ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதற்கு வேறு இடமும் கிடையாது. கடை தொடங்கி ஓரிரு வருடம்கூட ஆகாதவர்கள் அந்த ஒரு நாளை எப்படிப் பயன்படுத்துவது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: முந்தின நாள் பை கட்டுவது

மில்லிமீட்டர் போட்ட டேப், ஒரு வெர்னியர், சின்ன மூலை மட்டம், பி.எச். பேனா (அட்டையில் அமிலம் இருக்கிறதா என்று காட்டுவது), மார்க்கர், செல்போன் டார்ச். இவற்றோடு உங்கள் கடையில் அதிகம் ஓடும் மூன்று மோல்டிங்கிலும் இரண்டிரண்டு அடித் துண்டு. எதற்கு என்பது படி 5-இல் தெரியும்.

முக்கியமானது ஒரு 'கட்டு'. நீங்கள் வழக்கமாக ஒரு படத்துக்குள் அடுக்கும் எல்லாவற்றையும் 3 அங்குலச் சதுரமாக வெட்டி, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, சுற்றி டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். கண்ணாடி 2 மி.மீ., மவுண்ட் போர்டு 1.5, படமும் அதை ஒட்டிய அட்டையும் 1.5, பின்னால் ஹார்ட்போர்டு 3. மொத்தம் 8 மி.மீ. பின்பக்க ஆணி உட்கார இன்னும் 2, 3 மி.மீ. வேண்டும். ஆக மோல்டிங்கின் உள்பள்ளம் 10 அல்லது 11 மி.மீ. ஆழமாவது இருக்க வேண்டும். ஸ்டாலில் பட்டையைப் பார்த்ததும் இந்தக் கட்டைப் பள்ளத்தில் வைத்துப் பாருங்கள். முகப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும், கட்டு வெளியே துருத்தினால் அந்தப் பட்டை உங்களுக்கு ஆகாது. படம் சுவரில் ஒட்டி நிற்காமல் சாய்ந்து தொங்கும்.

தஞ்சாவூர் ஓவியம் பிரேம் போடுபவர்கள் தனியாக இன்னொரு கட்டு வைத்துக்கொள்வது நல்லது. பலகை 9 மி.மீ., மக்கு வைத்து எழுப்பிய வேலை 3, கல்லும் தங்க ரேக்கும் கண்ணாடியில் படாமல் இருக்க இடைவெளி 5, கண்ணாடி 2, பின்பலகை 3 என்று போட்டாலே 22 மி.மீ. வந்துவிடும். சாதாரணப் பட்டையில் இது அடங்காது. செட்டிநாடு பிரேமுக்கான ஆழமான தேக்குப் பட்டை எந்த ஸ்டாலில் இருக்கிறது என்று அங்கே போய்த் தேடி அலையாமல், முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒரு சீட்டு: போன மூன்று மாதத்தில் எந்த அளவு பிரேம் எத்தனை போனது, ஒவ்வொரு தடவையும் ஒன்றாக வந்ததா, மொத்தமாக வந்ததா. பில் புத்தகத்தைப் புரட்டினால் அரை மணி நேர வேலை. இந்தச் சீட்டு இல்லாமல் போகிறவர் விற்பவர் சொல்வதைத்தான் வாங்கிக்கொண்டு வருவார்.

படி 2: முதல் சுற்றில் பணம் எடுக்காதீர்கள்

எல்லா ஸ்டாலையும் ஒரு தடவை சுற்றி, கோடு நம்பரையும் (சரக்கின் அடையாள எண்) விலையையும் குறித்துக்கொண்டு வாருங்கள். 'இன்றைக்கு மட்டும்' என்று சொல்லும் விலை பெரும்பாலும் சாயங்காலமும் இருக்கும்.

படி 3: மோல்டிங்கைப் பார்ப்பது

ஷோகேஸில் மாட்டியிருக்கும் மூலைத் துண்டைப் பார்த்து ஆர்டர் கொடுக்காதீர்கள். முழு லெங்த் (வெட்டாத முழு நீளப் பட்டை) ஒன்றைக் கேட்டு வாங்கி, ஒரு நுனியைக் கண்ணருகே வைத்து, துப்பாக்கி குறி பார்ப்பதுபோல மறுநுனி வரை பாருங்கள். பக்கவாட்டில் லேசான வளைவு இருந்தால் சின்ன பிரேமில் சமாளிக்கலாம். முறுக்கு இருந்தால் முடியாது. முறுக்கிய பட்டையில் நான்கு மூலையும் சேர்ந்த பிறகு ஒரு மூலை மட்டும் சுவரை விட்டுத் தூக்கி நிற்கும்.

அடுத்து வெட்டு முகம். பாலிஸ்டைரின் பட்டையில் (ஊரில் ஃபைபர் பட்டை என்றுதான் கேட்பார்கள்) நுண்ணறைகள் சின்னதாக, நெருக்கமாக இருக்க வேண்டும். பெரிய பெரிய துளையாகத் தெரிந்தால் உள்ளே காற்றுதான் அதிகம், வி-நெயில் (மூலையைச் சேர்க்க அடிக்கும் வி வடிவ ஆணி) பிடிக்காது. நகத்தால் அழுத்திப் பார்த்தாலே பள்ளம் விழும். மரப் பட்டை என்றால் ஈரம் எவ்வளவு என்று கேளுங்கள். 12 சதவீதத்துக்கு மேல் இருக்கும் மரத்தை நாங்கள் தொடுவதில்லை. காயும்போது மரம் அகலத்தில் சுருங்கும், நீளத்தில் சுருங்காது. அதனால் வாங்கிய அன்று ஒட்டி நின்ற மூலை, நான்கு மாதம் கழித்து உள்பக்கம் வாய் பிளக்கும். பட்டை அகலமாக ஆக, பிளவும் பெரிதாகும். வாடிக்கையாளர் உங்கள் கையைத்தான் குறை சொல்வார்.

தங்க, வெள்ளிப் பூச்சுகளில் ஒரே கோடு நம்பராக இருந்தாலும் பேட்சுக்குப் பேட்ச் நிறம் மாறும். இரண்டு பெட்டியிலிருந்து ஒவ்வொரு லெங்த் எடுத்து, ஜன்னல் ஓரம் கொண்டுபோய்ச் சேர்த்து வைத்துப் பாருங்கள்.

படி 4: அடி விலையை நம்பாமல் கணக்குப் போடுவது

ஒரு பிரேமுக்கு எவ்வளவு பட்டை வேண்டும்? படத்தின் நான்கு பக்கக் கூட்டல், அதோடு பட்டை அகலத்தின் 8 மடங்கு. ஒவ்வொரு துண்டும் இரண்டு முனையிலும் 45 டிகிரி சாய்ந்து வெளியே நீள்வதால்தான் இந்த 8. பட்டையில் பள்ளம் ஒரு பக்கம் மட்டுமே இருப்பதால், துண்டைத் திருப்பிப் போட்டு மிச்சப்படுத்தவும் வழியில்லை.

12×18 அங்குலப் படம், 1.5 அங்குலப் பட்டை என்று வைத்துக்கொள்வோம். 60 + 12 = 72 அங்குலம். துண்டுகள் 21 அங்குலத்தில் இரண்டு, 15 அங்குலத்தில் இரண்டு. இப்போது உதாரணத்துக்கு இரண்டு ஸ்டால். ஒருவர் 9.5 அடி லெங்த், அடி 40 ரூபாய். மற்றவர் 8 அடி லெங்த், அடி 38 ரூபாய். எது மலிவு?

ஒரே ஒரு பிரேம் என்றால் இரண்டிலுமே ஒரு லெங்த் போய்விடும்: 380 ரூபாய், 304 ரூபாய். 8 அடிதான் லாபம். மூன்று பிரேம் சேர்ந்து வந்தால் கதை மாறும். 9.5 அடியில் (114 அங்குலம்) 21 மூன்றும் 15 மூன்றும் சேர்த்து 108 அங்குலம். வாள் தின்னும் 3 மி.மீ. வீதம் கழித்தாலும் அடங்கிவிடும். இரண்டு லெங்த்தில் மூன்று பிரேம், 760 ரூபாய். 8 அடியில் அதே மூன்று பிரேமுக்கு மூன்று லெங்த் எடுக்க வேண்டும், 912 ரூபாய்.

அதனால்தான் அந்தச் சீட்டு. ஸ்கூல் சர்டிபிகேட், கல்யாண ஆல்பம் படம் என்று மொத்தமாக ஒரே அளவு போகும் கடைக்கும், ஒவ்வொருவராக வந்து அப்பா படத்தை நீட்டும் கடைக்கும் ஒரே பட்டை ஒரே விலை அல்ல.

படி 5: இயந்திர ஸ்டால்

டெமோ காட்டுபவர் தன் இயந்திரத்தைத் தன் பட்டைக்குப் பொருத்தமாக அமைத்து வைத்திருப்பார். அது எப்போதும் அழகாகத்தான் வெட்டும். பையிலிருக்கும் உங்கள் பட்டையை நீட்டி, "இதை வெட்டிக் காட்டுங்கள் அண்ணே" என்று கேளுங்கள். ஒரே மூலை வெட்டிக் காட்டினால் போதாது. நான்கு துண்டும் வெட்டி, ஒரு சின்ன சட்டமாக மேஜையில் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். ஒரு வெட்டில் கால் டிகிரி பிசகு கண்ணுக்குத் தெரியாது. எட்டு வெட்டில் அது 2 டிகிரி ஆகி, மொத்தமும் கடைசி மூலையில் வந்து நிற்கும். எதிரெதிர்த் துண்டுகளை முதுகோடு முதுகு சேர்த்து, முனையில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் நீளம் சமம் இல்லை என்று அர்த்தம். கோணம் எவ்வளவு சரியாக இருந்தாலும் சட்டம் சேராது.

மூலையில் அடிப்பக்கமிருந்து வி-நெயில் அடிக்கும் இயந்திரமான அண்டர்பின்னரில் கவனிக்க வேண்டியது ஆணியின் உயரம். 20 மி.மீ. உயரப் பட்டைக்கு 10 அல்லது 12 மி.மீ. வி-நெயில் போதும். 7 போட்டால் அடிப்பக்கம் மட்டும் இறுகி, முகப்பில் கோடாக இடைவெளி தெரியும். 15 போட்டால், முகப்பு சரிந்து மெலிந்திருக்கும் பட்டையில் மேலே குத்திக்கொண்டு வரும். கெட்டி மரத்துக்கும் மென்மரத்துக்கும் ஆணி வேறு வேறு. மென்மர ஆணியைத் தேக்கில் அடித்தால் மடங்கும். உங்கள் பட்டைக்கு எது என்று கேட்டு, அதே ஆணி உள்ளூரில் தொடர்ந்து கிடைக்குமா என்பதையும் கேளுங்கள். இயந்திரம் ஒரு தடவை செலவு, ஆணி ஆயுசுக்கும்.

பசை விஷயத்தில் புதியவர்கள் அதிகம் ஏமாறுவது ஃபைபர் பட்டையில்தான். மரத்துக்குப் போடும் வெள்ளைப் பசை பாலிஸ்டைரினில் பிடிக்காது. காய்ந்ததுபோல் இருக்கும், கையில் எடுத்து முறுக்கினால் பிரிந்து வரும். அதற்கென்று உள்ள பசையைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். தின்னர் போட்டுத் துடைக்கவும் கூடாது, பட்டை உருகும்.

காற்றில் ஓடும் இயந்திரமா, எத்தனை பார் அழுத்தம், சிங்கிள் ஃபேஸா த்ரீ ஃபேஸா என்பதை எழுதி வாங்குங்கள். வாடகைக் கடையில் த்ரீ ஃபேஸ் இணைப்பு இழுப்பது தனிச் செலவு.

படி 6: கண்ணாடி

சாதாரணக் கண்ணாடி தன் மேல் விழும் வெளிச்சத்தில் சுமார் 8 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும், ஒரு முகத்துக்கு 4 வீதம். அதைக் குறைக்க இரண்டு வகைச் சரக்கு வரும், விலையில் பெரிய வித்தியாசம். ஒன்று மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கிய நான்-க்ளேர். மற்றது பூச்சு பூசிய ஆன்டி-ரிஃப்ளெக்டிவ், இது 1 சதவீதத்துக்கும் கீழே. ஸ்டாலில் இரண்டையும் படத்தின் மேல் ஒட்டி வைத்துத்தான் காட்டுவார்கள். நீங்கள் அதைப் படத்திலிருந்து 2 செ.மீ. தூக்கிப் பாருங்கள். நான்-க்ளேர் என்றால் படம் பனி மூடியதுபோல் மங்கும். மவுண்ட் போர்டு இரண்டு அடுக்கு வைத்தாலே இந்த மங்கல் தலைகாட்டும். பூச்சுக் கண்ணாடி மங்காது. அதில் டியூப் லைட்டின் பிம்பம் பச்சையாகவோ ஊதாவாகவோ மங்கலாகத் தெரியும்.

எடைக்கு ஒரு கணக்கு: ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு மி.மீ. தடிமனுக்கு 2.5 கிலோ. 2×3 அடிக்கு 2 மி.மீ. கண்ணாடி சுமார் 2.8 கிலோ, 3 மி.மீ. என்றால் 4.2 கிலோ. கொக்கி வாங்கும்போது இந்த எண்ணோடு பிரேம், பலகை எடையையும் கூட்டிக் கேளுங்கள்.

படி 7: மவுண்ட் போர்டு

'ஆசிட் ஃப்ரீ' என்று ஸ்டிக்கர் ஒட்டுவது சுலபம். பி.எச். பேனாவால் போர்டின் முகத்தில் கோடு போட்டால் ஊதா வரும், மஞ்சள் வந்தால் அமிலம். இதோடு நிறுத்திவிடாதீர்கள். மட்டமான கூழ் அட்டையில் சுண்ணாம்புச் சத்துக் கலந்திருந்தாலும் பேனா ஊதாதான் காட்டும். அட்டையின் மூலப்பொருள் பருத்தியா, லிக்னின் (மரத்தில் இருக்கும், அட்டையைப் பழுப்பாக்கும் பொருள்) நீக்கிய மரக்கூழா, சும்மா மரக்கூழா என்பதைக் கேட்டே ஆக வேண்டும். சும்மா மரக்கூழ் என்றால் சில வருடத்தில் சரிவாக வெட்டிய ஓரம் பழுப்பேறி, படத்தைச் சுற்றி ஒரு கோடு போட்டதுபோல் நிற்கும். காலண்டர் சாமி படத்துக்கு அது பரவாயில்லை. கையால் வரைந்த ஓவியத்துக்கும் பழைய குடும்பப் படத்துக்கும் கூடாது.

ஒரு துண்டு கேட்டு வாங்கி, புது பிளேடில் 45 டிகிரி சரிவாக வெட்டிப் பாருங்கள். ஓரம் பிசிறடித்தால் அட்டை ஈரம் குடித்திருக்கலாம்.

படி 8: ஆர்டர் எழுதுவது

கோடு நம்பர், பேட்ச், லெங்த் எத்தனை அடி, ஒரு பெட்டியில் எத்தனை, விலையில் ஜி.எஸ்.டி. சேர்ந்ததா, லாரி வாடகை யாருடையது, வழியில் உடைந்தால் யார் பொறுப்பு. எல்லாம் ஆர்டர் தாளில் இருக்க வேண்டும். முதல் ஆர்டர் ஒரு பெட்டிக்கு மேல் வேண்டாம். நீங்கள் பார்த்த லெங்த்திலிருந்தே நான்கு அங்குலம் வெட்டி வாங்கி, பின்னால் தேதியும் கோடு நம்பரும் எழுதி, விற்பவரின் கையெழுத்தும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்து மாவட்டத்து பிரேம் கடைக்காரர் யாராவது டீ ஸ்டாலில் இருந்தால், அந்த சப்ளையர் எப்படி என்று அவரிடம் கேளுங்கள். அவர் உங்களுக்குப் போட்டி இல்லை, உள்ளதைச் சொல்வார்.

சரக்கு வந்ததும் லாரி ஆபீசில் கையெழுத்துப் போடுவதற்கு முன் பெட்டியின் இரண்டு முனையையும் போட்டோ எடுங்கள். 9 அடிப் பெட்டி அடி வாங்குவது எப்போதும் முனையில்தான். கடைக்கு வந்து பிரித்ததும், கையெழுத்து வாங்கிய அந்தத் துண்டை ஒவ்வொரு லெங்த்தோடும் வெயிலில் வைத்துப் பாருங்கள். நிறம் மாறியிருந்தால் ஒன்றைக்கூட வெட்டாதீர்கள். வெட்டிய பட்டையை யாரும் திருப்பி எடுக்கமாட்டார்கள்.